தலையிடி நோன்பினாலா, தேத்தண்ணியினாலா?





நோன்புக்கு இன்னும் சில வாரங்கள்தான். வீடுகளில் மா இடிப்பதும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், ஈத்தம்பழத்துக்குச் சொல்லிவைப்பதும் தொடங்கிவிட்டன. அந்தப் பட்டியலில் இன்னொரு வேலையையும் சேர்க்கச் சொல்லித்தான் இந்தப் பதிவு. நாம் குடிக்கிற தேத்தண்ணியை இந்த வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பதிவு நீளம்தான். சா/த, உ/த எழுதும் பிள்ளைகள் இருக்கிற வீட்டார் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள்.

தேத்தண்ணிக்கும் நோன்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரமழானின் முதல் மூன்று நாட்களை நினைத்துப் பாருங்கள். காலையில் எல்லோரும் நன்றாக இருப்போம். லுஹர் தாண்டும்போது நெற்றி கனக்கும். அஸருக்குக் கிட்டத் தலை இடிக்கும், கண் கூசும், ஒருவர் பேசினாலும் எரிச்சல் வரும். "நோன்புத் தலையிடி, ரெண்டு நாளில சரியாப் போகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரியாகவும் போய்விடும். அதனால் யாரும் காரணத்தைத் தேடுவதில்லை, அடுத்த வருடமும் அதே தலையிடி.

2025ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மார்ச் 17 முதல் 26 வரை நடந்தது. அது ரமழானின் நடுப்பகுதி. நமது பிள்ளைகள் நோன்போடு மண்டபத்துக்குப் போனார்கள். அந்த மாதத்தில் ஆசிரியர்களாகிய எங்களிடம் பல பெற்றோர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைக்குத் தலையிடி தாங்க முடியல்ல, நோன்ப விடச் சொல்லவா?" மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எங்களுக்கில்லை, அதை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. தலையிடி வந்தது நோன்பினாலா, இல்லை வழக்கமாகக் குடித்த தேத்தண்ணி திடீரென்று நின்றதாலா?

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ரமழானின் முதல் நாள் தலையிடியைப் பற்றி சவூதி அரேபியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. நோன்பு நோற்றவர்களில் 41 சதவீதமானோருக்கும், நோற்காதவர்களில் 8 சதவீதமானோருக்கும் தலையிடி வந்திருந்தது. வெளிக் காரணங்களில் முக்கியமானதாக அந்த வைத்தியர்கள் கண்டது, கோப்பியும் தேநீரும் திடீரென்று நின்றதைத்தான். நோன்புக்கு முந்திய வாரங்களிலேயே குறைத்துக்கொண்டு வந்தால் இதைத் தவிர்க்கலாம் என்பது அவர்கள் சொன்ன யோசனை.

தண்ணீர் குறைவு, தூக்கக் குறைவு, பசி ஆகியவையும் தலையிடி தரும். எல்லாவற்றையும் தேத்தண்ணியின் தலையில் போட முடியாது. ஆனால் மற்றவற்றைப் பற்றி நாம் பேசுகிறோம். இதைப் பற்றி மட்டும்தான் பேசுவதில்லை.

கஃபீன் உடம்பில் என்ன செய்கிறது?

கோப்பியிலிருந்து கஃபீன் என்ற பொருளை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மன் நாட்டு இரசாயனவியலாளர் ருங்கே. ஆண்டு 1819. எட்டு வருடம் கழித்துத் தேயிலையிலிருந்தும் ஒரு பொருளைப் பிரித்து அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. ஆக, "நான் கோப்பி குடிக்கிறல்ல, வெறுந்தேத்தண்ணி மட்டும்தான்" என்று சொல்பவரும் குடிப்பது அதே கஃபீனைத்தான். அளவு மட்டும் குறைவு.

நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்குரிய இடங்களில் போய் ஒட்டும்போது நமக்குக் களைப்பும் தூக்கமும் தெரியும். கஃபீனின் வடிவம் கிட்டத்தட்ட அதைப் போன்றது. அது முந்திக்கொண்டு அந்த இடங்களில் உட்கார்ந்துவிடும். அடினோசின் வெளியே காத்துக்கொண்டு நிற்கும். களைப்பு அங்கேயே இருக்கும், நமக்குத்தான் தெரியாது.

ரம்புக்கனைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கோச்சிப் பாதையில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒருவர் போய் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடுகிறார். சாரதிக்குச் சிவப்பு தெரியாது, அதனால் பாதை திறந்துவிட்டது என்று ஆகிவிடுமா? தேத்தண்ணி செய்வது அந்தத் துணியின் வேலை. சில நேரம் அந்தத் துணி தேவைப்படும், உதவவும் செய்யும். ஒரு நாளைக்கு ஆறு தடவை மூடிக்கொண்டே ஓடினால்தான் பிரச்சினை.

நாம் தொடர்ந்து குடிக்கும்போது மூளையும் சும்மா இருப்பதில்லை. ஈடுகட்டப் பார்க்கிறது. ஒரு கோப்பையில் கிடைத்த சுறுசுறுப்புக்குப் பிறகு இரண்டு கோப்பை தேவைப்படுகிறது. "முந்தி ஒரு பிளேன்டீ போதும், இப்ப சாயம் கூடப் போட்டாத்தான் கண்ணு தெறக்குது" என்று பலரும் சொல்வதன் அர்த்தம் இதுதான். அந்தக் கட்டத்தில் காலைத் தேத்தண்ணி புதிதாக எந்தச் சக்தியும் தருவதில்லை. நேற்று இரவிலிருந்து குடிக்காததால் வந்த மந்தத்தை நீக்கி, தேத்தண்ணி பழகாத ஒருவர் சாதாரணமாக இருக்கும் நிலைக்கு நம்மைக் கொண்டுவந்து விடுகிறது. அவ்வளவுதான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயம். கடைசிக் கோப்பையிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலையிடி, சோர்வு, எரிச்சல், கவனக் குறைவு தொடங்கும். ஒன்று இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போகும். இரண்டு நாள் தொடக்கம் ஒன்பது நாள்வரை நீடிக்கலாம். இப்போது நோன்பு நாளின் கணக்கைப் பாருங்கள். இரவு பத்து மணிக்குக் கடைசித் தேத்தண்ணி. ஸஹருக்கு அவசரமாகச் சோறும் தண்ணீரும் மட்டும். அடுத்த நாள் பகல் இரண்டு மணி ஆகும்போது 16 மணி நேரம். தலையிடி அஸருக்குக் கிட்ட வருவதும், இரண்டு மூன்று நாளில் போவதும் ஏன் என்று புரிகிறதல்லவா?

ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கஃபீன் பழகியவருக்கே இந்த நிலை வரலாம். அது நம் வீட்டுக் கோப்பையில் இரண்டு மூன்றுதான்.

நமது கணக்கு எவ்வளவு?

ஒரு கோப்பை தேநீரில் ஏறத்தாழ 30 முதல் 50 மி.கி. வரை கஃபீன் இருக்கும். நாம் பாவிக்கும் டஸ்ட் தேயிலை பொடியாக இருப்பதால் சாயமும் கஃபீனும் சீக்கிரம் இறங்கும். அதனால் நமது கோப்பையை 40 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். சுபஹுக்குப் பின் ஒன்று, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, இரவில் ஒன்று. மொத்தம் 240 மி.கி. விருந்தாளி வந்தால் அது வேறு கணக்கு.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல் சொன்னபடி, சுகதேகியான வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை பயமில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டுவோருக்கும் எல்லை 200. ஆக, வளர்ந்த ஒருவர் ஆறு கோப்பை குடிப்பது நஞ்சு குடிப்பதல்ல. யாரையும் பயமுறுத்த நாங்கள் எழுதவில்லை. ஆனால் 240 என்பது, நிறுத்தினால் தலையிடி வரும் அளவுக்கு மேலே. ஒரு கர்ப்பிணித் தாய்க்கு அது எல்லைக்கும் மேலே. கர்ப்ப காலத்தில், முக்கியமாகக் கடைசி மாதங்களில், கஃபீன் உடம்பிலிருந்து வெளியேற வழக்கத்தைவிடப் பல மணி நேரம் கூட எடுக்கும். நமது உம்மாமாரும் ராத்தாமாரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஆறு கோப்பைக்குப் பன்னிரண்டு. கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார அமைப்பு 2015இல் சேர்க்கப்படும் சீனிக்குச் சொன்ன மேல் எல்லைக்கு அருகே, தேத்தண்ணியிலேயே வந்துவிட்டோம். சோடா, பிஸ்கட், வட்டிலப்பம் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

நமது மார்க்கத்தாருக்கும் நமது மலைக்கும் பழைய உறவு

கோப்பி குடிப்பதை உலகத்துக்குப் பழக்கியவர்களில் முதல் இடம் யெமன் நாட்டு சூஃபிகளுக்கு. 15ஆம் நூற்றாண்டில் இரவு திக்ரு மஜ்லிஸில் விழித்திருக்க அவர்கள் அதைக் குடித்தார்கள். 1511இல் மக்காவின் அதிகாரியாக இருந்த கைர் பெக் கோப்பிக்குத் தடை போட்டார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையை ஏற்கவில்லை. கோப்பி பிழைத்தது. தேவைப்படும் இரவில், ஒரு நோக்கத்தோடு குடிக்கும் பானமாக அது தொடங்கியது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

நமது ஊருக்குக் கோச்சி வந்ததே கோப்பியினால்தான். மலையிலிருந்து கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்கத்தான் வெள்ளைக்காரன் இந்தப் பாதையைப் போட்டான். 1867இல் அது கண்டியைத் தொட்டது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. கோப்பித் தோட்டங்கள் அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. அதைக் கிள்ளுவதற்கும் சுமப்பதற்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று நமது வகுப்புகளில் நம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கிறார்கள்.

எனவே "தேயிலையால வாழுற ஊரில இருந்துகொண்டு தேத்தண்ணியக் குடிக்காதீங்கன்னு சொல்றீங்களா?" என்று யாராவது கேட்டால், பதில் இல்லை என்பதே. நாட்டில் விளையும் தேயிலையில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குத்தான் போகிறது. நம் வீட்டில் இரண்டு கோப்பை குறைவதால் எந்தத் தோட்டமும் மூடப்படாது. தோட்டத்துக் குடும்பங்களின் கஷ்டம் நாட்கூலியில் இருக்கிறது, நமது கேத்தலில் இல்லை. தேத்தண்ணி நமது மரியாதை. வந்தவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் நம் எந்தச் சமூகத்திலும் இல்லை. அது அப்படியே இருக்கட்டும். ஆறாவது கோப்பையைப் பற்றித்தான் நாங்கள் பேசுகிறோம்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்

தரம் 10, 11 வகுப்புகளில் முதல் பாடவேளையிலேயே மேசையில் தலையைச் சாய்க்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டு வருகிறார்கள். விசாரித்தால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று டியூஷன், மற்றது ஃபோன். மூன்றாவது காரணத்தை அவர்கள் காரணமாகவே நினைப்பதில்லை. விழித்திருந்து படிக்க உம்மா போத்தலில் ஊற்றிவைத்த சாயத் தேத்தண்ணி, டியூஷன் முடிந்து வரும் வழியில் கூட்டாளிகளோடு வாங்கிய எனர்ஜி ட்ரிங்க் டின்.

அந்த 250 மில்லிலீற்றர் டின்னில் பொதுவாக 80 மி.கி. கஃபீன் இருக்கும். சீனி சேர்த்த வகை என்றால் ஐந்து ஆறு தேக்கரண்டி சீனியும் இருக்கும். 2016 முதல் நமது நாட்டில் இனிப்புப் பானங்களில் சீனி அளவைக் காட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறி போடுகிறார்கள். டின்னை வாங்கும் பிள்ளைக்கு அந்தக் குறியைப் பார்க்கவாவது சொல்லிக்கொடுங்கள். அந்த நிறம் சீனியை மட்டும்தான் சொல்லும், கஃபீனைச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு அதே ஐரோப்பிய சபை சொன்ன அளவு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 3 மி.கி. 45 கிலோ உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 135. ஒரு டின்னும் இரண்டு தேத்தண்ணியும் சேர்ந்தால் 160. எல்லையைத் தாண்டியாயிற்று. லித்துவேனியா 2014இலும் போலந்து 2024இலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த டின்களை விற்பதையே தடைசெய்தன. நமது சந்தியிலோ பத்து வயதுப் பிள்ளையும் காசை நீட்டினால் கிடைக்கும்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பிலிருந்து போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஏழு. இரவு 12 மணிக்கு 160 மி.கி. உடம்பில் இருந்தால் காலை ஐந்து மணிக்கும் 80 இருக்கும். ஒரு முழு டின்னின் அளவு. பிள்ளை ஒரு மணிக்குப் படுத்தாலும் அந்தத் தூக்கம் ஆழமாக இருக்காது. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மி.கி. எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. அவர்கள் வளர்ந்தவர்கள்.

படித்தது மனதில் தங்குவது தூக்கத்தில்தான். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது அந்த நேரத்தில். தூக்கத்தைக் குறைத்துப் பாடத்தைக் கூட்டுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போல. இரவு இரண்டு மணிவரை படித்த பிள்ளையைவிட, பத்தரைக்குப் படுத்து ஸஹருக்கு எழும்பி ஒரு மணி நேரம் படித்த பிள்ளை மண்டபத்தில் தெளிவாக இருக்கும். வகுப்பறையில் நாங்கள் தினமும் பார்க்கிற வித்தியாசம் இது.

தேத்தண்ணி சாப்பாடு இல்லை

இதைச் சொல்ல எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு பல வீடுகளில் பால்மா வாங்குவது நின்றது. பால்தேத்தண்ணி பிளேன்டீ ஆனது. சில வீடுகளில் காலைச் சாப்பாடே பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும் ஆனது. தோட்டத்துப் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள் என்ற வித்தியாசம் இதில் இல்லை.

இனிப்பான சாயத் தேத்தண்ணி பசியைக் கொஞ்ச நேரம் அமத்தி வைக்கும். மூன்றாவது பாடவேளையில் அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கும், கரும்பலகை மங்கும். "கவனமில்லாத பிள்ளை" என்று பெயரும் வாங்கிவிடும். அது கவனக் குறைவு இல்லை, பசி. துணி போட்டு மூடிய இன்னொரு சிவப்பு விளக்கு.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதில் வேறொரு நட்டமும் இருக்கிறது. கீரை, பருப்பு, தானியம் போன்றவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலையின் துவர்ப்பு தடுக்கும். இது கஃபீனின் வேலை அல்ல, சாயத்தின் வேலை. மாதவிலக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சின்ன விஷயமில்லை. இரத்தக் குறைவால் வரும் களைப்புக்கு இன்னொரு தேத்தண்ணி குடித்து, அதனாலேயே இரும்புச் சத்து இன்னும் குறைந்து, மேலும் களைத்துப் போகிறார்கள். வழி சுலபமானது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் இரும்புச் சத்து ஏறவும் உதவும்.

ஆகவே, களைப்பு வரும்போது கேத்தலை அடுப்பில் வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பழகுவோம். இது எந்தக் களைப்பு? தூக்கமா, பசியா, தாகமா, இரத்தக் குறைவா, மனக் கவலையா, வெறும் பழக்கமா? ஆறுக்கும் ஒரே மருந்து கொடுக்கிற வைத்தியரிடம் நாம் போவோமா?

இனி என்ன செய்யலாம்?

1. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். மூன்று நான்கு நாளைக்கு ஒரு கோப்பை வீதம் குறையுங்கள். இரவுக் கோப்பை முதலில் போகட்டும், அடுத்தது சாப்பாட்டோடு குடிப்பது, அதற்கடுத்தது பத்து மணிக்குக் குடிப்பது. ஆறு குடிப்பவர் இரண்டு வாரத்தில் இரண்டுக்கு வந்துவிடலாம். குறைக்கக் கஷ்டமானவர்கள் எண்ணிக்கையை விட்டு, சாயத்தைப் பாதியாக்குங்கள்.

2. கைக்கு ஏதாவது சூடாக வேண்டும் என்பதும் உண்மைதான். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீர், பெலிமல், ரணவரா, பொல்பலா எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கும். ஒன்றிலும் கஃபீன் இல்லை. ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பிளேன்டீயின் ஞாபகமே வராது.

3. ரமழானில் வளர்ந்தவர்கள் ஸஹர் முடிவில் ஒரு கோப்பை குடிக்கலாம். முதல் நாள் தலையிடிக்கு அது உதவும் என்று மேலே சொன்ன ஆய்வும் சொல்கிறது. நோன்பு திறந்ததும் முதலில் தண்ணீர், ஈத்தம்பழம், கஞ்சி. தேத்தண்ணி மஃரிபுக்குப் பின் ஒன்று போதும். தராவீஹ் முடிந்து கடையில் குடிக்கும் இரண்டு சாயத் தேத்தண்ணிதான் ஸஹருக்கு எழும்ப விடாமல் செய்கிறது. ஒன்பதரைக்குக் குடித்தது இரண்டரை மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும்.

4. பகலில் தூக்கம் வந்தால் கைலூலா இருக்கிறது. நமது மார்க்கத்தில் அறியப்பட்ட சுன்னத்து. 15, 20 நிமிடம் போதும். நோன்பில்லாத நாட்களில் தூரம் ஓடும் சாரதிகளுக்கு ஒரு யோசனை. ஒரு கோப்பை குடித்துவிட்டு உடனே வாகனத்தை ஓரமாக நிறுத்தி 15 நிமிடம் கண்ணை மூடுங்கள். கஃபீன் வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். தூக்கமும் கிடைத்துவிடும், விழிப்பும் வந்துவிடும். 1990களில் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சாரதிகளை வைத்துப் பரிசோதித்துப் பார்த்த வழி இது.

5. விடியுமுன் கோச்சி பிடித்துக் கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்கள், இரவு எட்டு மணிக்கு வீடு வந்து குடிக்கும் கோப்பையை மட்டும் விட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரு வாரத்தில் காலை எழும்புவது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே யோசனைதான்.

6. தலையிடி மாத்திரை வாங்கும்போது பெட்டியை வாசியுங்கள். சிலவற்றில் பரசிட்டமோலோடு 65 மி.கி. கஃபீனும் சேர்ந்திருக்கிறது. தேத்தண்ணியைக் குறைத்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டிருந்தால் கணக்கு பழையபடிதான்.

7. சீனி வியாதி, பிரஷர், நெஞ்சுப் படபடப்பு, ஒற்றைத் தலையிடி உள்ளவர்கள் நோன்புக்கு முன் ஒருமுறை வைத்தியரைப் பாருங்கள். எங்கள் பதிவு அவருடைய வார்த்தைக்கு ஈடாகாது.

ஊராக என்ன செய்யலாம்?

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். நோன்புக்கு முந்திய ஜும்ஆக்களில் மற்ற அறிவித்தல்களோடு இதையும் ஓரிரு வார்த்தை சொல்லுங்கள். தராவீஹுக்குப் பின் தேத்தண்ணி கொடுக்கிற இடங்களில், பிள்ளைகளுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் வையுங்கள். செலவும் குறைவு.

கடைக்கார நானாமாரிடமும் ஒரு வேண்டுகோள். எனர்ஜி ட்ரிங்க் விற்கக் கூடாது என்று சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை, சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் பாடசாலைச் சீருடையில் வரும் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் விடுங்கள். ஒரு கடைக்காரர் சொன்னால் பிள்ளை அடுத்த கடைக்குப் போகும். எல்லோரும் சொன்னால் வீட்டுக்குப் போகும்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பிள்ளை இரவில் மேசையில் தூங்கி விழும்போது, போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதை அன்பு என்று நினைக்கிறோம். அந்த இடத்தில் விளக்கை அணைத்து, "படுங்க மகன், ஸஹருக்கு நான் எழுப்பி விடுறன்" என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் அன்புதான்.

பாடசாலையில் எங்கள் பங்குக்கு, பரீட்சை எழுதும் வகுப்புகளில் இதை ஒரு பாடவேளை பேசுவோம். ஒவ்வொரு பிள்ளையும் தான் ஒரு நாளில் குடிப்பதை எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். கணக்குப் பாடம் அங்கேயாவது பிடித்துப் போகும், இன்ஷா அல்லாஹ்.

இன்று அஸருக்குப் பின் குடிக்கப் போகும் கோப்பை உங்களுக்கு எத்தனையாவது என்று எண்ணிப் பாருங்கள். கொமண்டில் எழுதினாலும் நல்லது, ஊரின் கணக்கு நமக்கும் தெரியும். வீட்டில் முகநூல் பார்க்காத பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

வரும் ரமழானைத் தெளிவான தலையோடும் நல்ல ஆரோக்கியத்தோடும் அடைந்துகொள்ள அல்லாஹ் நம் எல்லோருக்கும் அருள்புரிவானாக. பரீட்சை எழுதும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.